காலிப் புட்டியும் கனமான கேள்விகளும்

கேள்வி: காலி மதுப்புட்டியில் ஆராய என்ன மிஞ்சியிருக்கும்? (ஆம்பூர் வாசகர்)

பதில்: குடிப்பவருக்கு முடிந்த இடத்தில்தான் தொல்லியலாளருக்குத் தொடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர மதுவிடுதிக்காரர்கள், எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, தம் பெயரெழுத்தும் விடுதிச் சின்னமும் பதித்த கண்ணாடி முத்திரையைப் புட்டியின் தோளில் ஒட்டச் செய்தனர். அவர்கள் விடுதி நடத்திய காலத்தை ஆவணங்களில் தேடி, அதனோடு புட்டிகளின் வடிவங்களை ஒப்பிட்டு, ஈ. டி. லீட்ஸ் என்னும் அறிஞர் 1941-இல் கட்டுரை வெளியிட்டார்.

கேள்வி: முத்திரையில்லாத புட்டிக்கு வயது சொல்ல முடியுமா? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: முடியும், புட்டி வயதை மறைப்பதில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது தொந்தி பெருத்துக் குள்ளமாக இருந்தது; தக்கை அடைத்துப் படுக்கவைத்து மதுவை முதிரவிடும் வழக்கம் பரவப் பரவ, 18-ஆம் நூற்றாண்டில் மெலிந்து உருளை வடிவாயிற்று. வாயால் ஊதிச் செய்த புட்டியின் அடியில், அதைத் தாங்கிப் பிடித்த இரும்புக்கோலை உடைத்தெடுத்த தழும்பு இருக்கும். அச்சின் இணைப்புக்கோடு வாயின் விளிம்புவரை ஏறியிருந்தால், அது 20-ஆம் நூற்றாண்டில் பரவிய தானியங்கி இயந்திரத்தின் வேலையாகும்.

கேள்வி: தோலுக்கும் மதுப்புட்டிக்கும் தொடர்பு உண்டா? (பேரணாம்பட்டு வாசகர்)

பதில்: உண்டு. உட்புறம் கீல் பூசிய தோல்குவளைகளும் இங்கிலாந்து விடுதிகளில் புழங்கின. 17-ஆம் நூற்றாண்டில் நிலக்கரி உலையில் உருகிய கரும்பச்சைக் கண்ணாடி, தடித்த உறுதியான புட்டிகளைத் தந்தபின் தோல் மெல்லப் பின்வாங்கியது. மேசையில் தோற்ற தோல், ஆம்பூரில் காலணியாகிக் கப்பலேறுகிறது.

கேள்வி: வேலூர் மண்ணில் இத்தகைய புட்டிகள் இருக்க வாய்ப்புண்டா? (வேலூர் வாசகர்)

பதில்: கும்பினிக் காலத்தில் மதீரா மது மதராசுக்குக் கப்பலில் வந்ததாலும், 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சியின்போது வேலூர்க் கோட்டையில் 69-ஆம் படைப்பிரிவின் ஐரோப்பிய வீரர்கள் இருந்ததாலும், வாய்ப்புண்டு. ஆயினும் காலிப் புட்டிகள் மீண்டும் மீண்டும் நிரப்பப்பட்டதால், செய்த காலமும் புதைந்த காலமும் வேறுபடும். ஆகவே புட்டியைவிட அது கிடந்த மண்ணடுக்கே நம்பகமான சாட்சியாகும். வேலூர் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் 1939-இல் மதுவிலக்கு வந்தபோது அவசரமாகப் புதைக்கப்பட்ட புட்டி ஏதேனும் இருப்பின், அது தொல்லியலைவிடப் போலீசுக்கே அதிகம் பயன்பட்டிருக்கும்.

கேள்வி: அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தால் காயலான் கடையில் போடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: கூடாது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நீலகிரியில் டாஸ்மாக் 2022 முதல் காலிப் புட்டிக்குத் திருப்பித் தரும் தொகை சரியாக 10 ரூபாய் என்பதால், அந்தப் புட்டி மட்டும் மயிரிழையில் தப்பிக்கிறது. பழம்புட்டி கிடைத்தவர்கள் அதைக் கழுவாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதோடு, வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும்.