இல்லை என்பதன் வகைகள்: பழங்காநத்தத்துச் சர்வர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப்பொருள்

சர்வரில் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இணையச் செயலி, இன்று காலை ‘கிளாஸ் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இந்த ‘இல்லை’ எத்தனை வகைப்படும், எந்த வகைக்கு எங்கே தேட வேண்டும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்

மதுரையில் மென்பொருள் என்றால் இலந்தைக்குளத்தையும் வடபழஞ்சியையும்தான் கை காட்டுவார்கள். எல்காட் பூங்காக்கள் இருப்பது அங்கே. ஆனால் பெரிய வளாகங்களில் பிழை வந்தால் அதைக் கவனிக்கத் தனிக் குழு உண்டு. குழு நடமாடும் இடத்தில் பிழை தன் இயல்பைக் காட்டாது. கீழே டீக்கடை, மேலே மாடியறை, அறைக்குள் நாலு நாற்காலி, பள்ளிக்கூடத்து ஃபீஸ் கட்டும் செயலி ஒன்று என்ற அமைப்புடைய பழங்காநத்தத்தில்தான் அது கூச்சமின்றி வாழ்கிறது. களம் அதனாலேயே தேர்ந்துகொள்ளப்பட்டது.

முன்னாய்வுகள்

களத்தின் வாய்மொழி மரபில் இரண்டு கோட்பாடுகள் வழங்குகின்றன. ஒன்று, “என் மெஷின்ல ஓடுச்சுண்ணே.” மற்றொன்று, “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?” முதலாவது வாக்குமூலம், இரண்டாவது வைத்தியம். இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை.

ஜாவா மொழி 1995-இல் வெளிவந்தபோதே இன்மையை இரண்டாகப் பகுத்தது. ஒரு கிளாஸின் பெயரைச் சரமாகக் கொடுத்து, ஓடும் நேரத்தில் தேடச் சொல்லி, அது அகப்படாவிட்டால் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன்’. கம்பைல் செய்தபோது கண்ணெதிரே இருந்தது, ஓடும்போது காணோம் என்றால் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’. முன்னதைப் பிடித்துச் சமாளித்துவிடலாம் என்று ஜாவா நம்புகிறது. ஆகவே அதற்கு எக்செப்ஷன் என்று பெயர். பின்னது எரர், அதில் ஜாவாவுக்கே நம்பிக்கை இல்லை.

அற்றேல், இரண்டு போதாதோ எனின், போதாது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தண்டியலங்காரம் இதைவிட நுட்பமாகப் பகுத்துவிட்டது. ஏது அணியைச் சொல்லுமிடத்து, ஒன்று இல்லாமையே மற்றொன்றுக்குக் காரணமாவதை ‘அபாவ ஏது’ என்று அந்நூல் வைத்து, அதை ஐந்தாக விரிக்கிறது: என்றும் அபாவம், இன்மையது அபாவம், ஒன்றின் ஒன்று அபாவம், உள்ளதன் அபாவம், அழிவுபாட்டு அபாவம். ஒரு கிளாஸ் இல்லாமையால் ஒரு செயலி கவிழ்வது அபாவ ஏதுவே அன்றி வேறில்லை. தண்டியார் செய்யுளுக்குச் சொன்னார். நாம் சர்வருக்குக் கொள்கிறோம். வரிசை மட்டும் எளியதிலிருந்து அரியதற்குப் போகுமாறு மாற்றப்பட்டது.

வகைப்பாடு

*என்றும் அபாவம்.* முக்காலத்தும் இல்லாதது. வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் சர்வ்லெட்டின் பெயரை எழுதும்போது ஓர் எழுத்து விழுந்துவிட்டால், அந்தப் பெயரில் ஒரு கிளாஸை உலகில் எவரும் எழுதியதே இல்லை. கம்பைலர் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை என்பதால் எச்சரிக்கையும் வராது. எழுதியவர் கண்ணுக்கு இப்பிழை தெரிவதே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தால் அக்கணமே தெரியும்.

*உள்ளதன் அபாவம்.* வேறோரிடத்தில் உள்ளது, இவ்விடத்தில் இல்லாதது. மேற்சொன்ன வாக்குமூலக் கோட்பாடு முழுவதும் இதனுள் அடங்கும். கிளாஸ் எழுதியவரின் மடிக்கணினியில் ஜார் கோப்பு இருக்கிறது. சர்வரில் வெப்-இன்ஃப் என்னும் கோப்புறைக்குள் லிப் என்னும் உள்ளறையில் அது வந்து சேரவில்லை. ‘சர்வரே கொடுக்கும்’ என்ற பொருளில் மேவனில் ‘புரோவைடட்’ என்று குறித்திருப்பார்கள். சர்வரோ ‘நீ கொண்டுவருவாய்’ என்று காத்திருக்கும்.

பிஎச்பி எழுதுவோரும் இதற்குத் தப்பியவர்கள் அல்லர். கம்போசர் இறக்கித் தரும் வெண்டர் கோப்புறையைக் கிட்டில் ஏற்றுவதில்லை என்பது நல்ல வழக்கம். ஏற்றாவிட்டால் சர்வரில் கம்போசரை மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அதன் மறுபாதி. முற்பாதியை மட்டும் கைக்கொள்வோரே மிகுதி. இன்னொன்று: விண்டோஸ், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். எக்ஸாம்ப் வைத்த விண்டோஸ் கணினியில் ‘ஸ்டூடன்ட்’ என்ற கோப்பு எந்த எழுத்தில் தொடங்கினாலும் திறக்கும். லினக்ஸ் சர்வரில் முதலெழுத்து மாறினால் அவன் வேறு மாணவன். வருகைப் பதிவில் பெயர் கிடையாது.

*ஒன்றின் ஒன்று அபாவம்.* இது அது அன்று என்னும் இன்மை. 2017-இல் ஜாவா ஈஈ தொகுதியை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஆரக்கிள் ஒப்படைத்தது. ஜாவா என்ற பெயரின் உரிமையை ஒப்படைக்கவில்லை. 2018-இல் தொகுதிக்கு ஜகார்த்தா ஈஈ என்று புதுப்பெயர் வந்தது. 2020 டிசம்பரில் வந்த அதன் ஒன்பதாம் பதிப்பில் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பொட்டலப் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று தொடங்கலாயின. டாம்கேட் சர்வரின் 9-ஆம் பதிப்பு பழைய பெயரை மட்டும் அறியும். டாம்கேட் 10 புதியதை மட்டும் அறியும்.

விளைவு யாதெனின், ஒரு வரிகூட மாற்றாத செயலியைப் புதிய டாம்கேட்டில் வைத்தவுடன், சர்வ்லெட்டுக்கு அடிப்படையான எச்டிடிபி சர்வ்லெட் என்னும் கிளாஸே இல்லை என்று பதில் வருகிறது. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே நிரல்தான். வீட்டு எண் அதுவே, தெருப்பெயர் மாறிற்று, தபால் திரும்பிவிட்டது. பழைய செயலியை ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்ற கோப்புறையில் போட்டால் டாம்கேட் 10 தானே பெயரை மாற்றிக்கொள்ளும். இதை அறியாதார் இரவு முழுதும் ஜார் கோப்புகளை இணையத்தில் தேடி இறக்குவர். தேடல் அவர்களை அடுத்த வகைக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வகைக்கும் கொண்டு சேர்க்கும்.

*அழிவுபாட்டு அபாவம்.* இருந்து அழிந்தது. எக்ஸ்எம்எல் கோப்பை ஜாவாப் பொருளாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி என்னும் தொகுதி, ஜாவா 6 முதல் மொழியோடு கூடவே வந்தது. ஜாவா 9-இல் ‘இது போகப்போகிறது’ என்று அறிவித்தார்கள். 2018 செப்டம்பரில் ஜாவா 11-இல் எடுத்தேவிட்டார்கள். அறிவிப்பைப் படித்தவர் எவருமில்லை. இக்களத்தவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை: இங்கிருந்த வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணி நிலையத்துக்குப் போய் எவ்வளவோ காலமாகியும், இன்றும் பழைய பஸ் ஸ்டாண்டு என்றுதான் வழி சொல்கிறார்கள். சொன்ன வழியில் வந்து நின்று நெல்லைப் பேருந்துக்குக் காத்திருப்பதைத்தான் ஜாவா 8-க்கு எழுதிய செயலி ஜாவா 11-இல் செய்கிறது. வேண்டிய ஜார் கோப்பைத் தனியாக வாங்கி உடன் அனுப்புவதே தீர்வு.

*இன்மையது அபாவம்.* இல்லாமை என்பதே இல்லாமற் போதல். அதாவது வேண்டிய அளவுக்கு மேல் இருத்தல். மேற்படி இரவில் இறக்கிய ஜார்கள் எல்லாம் லிப் கோப்புறையில் குவிந்து, ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒன்றாக வசிக்கத் தொடங்கும். எதை முதலில் புரட்டும் என்பதற்கு டாம்கேட் உறுதி தருவதில்லை. பழையது முந்திக்கொண்டால், கிளாஸ் கிடைக்கும். அதனுள் வேண்டிய மெத்தட் கிடைக்காது. ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று வரும். உள்ளது மிகுந்ததால் வந்த இன்மை. ஜாவாவை ‘வெர்போஸ் கிளாஸ்’ என்ற குறிப்போடு ஓட்டினால், ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று அதுவே ஒப்புவிக்கும்.

ஆறாவது

தண்டியார் ஐந்தோடு நிறுத்தினார். களம் ஆறாவது ஒன்றைத் தருகிறது. ஊர்ப்பெயராலேயே அதைப் பழங்காநத்தத்து அபாவம் என்க.

ஃபீஸ் செயலி காலையிலிருந்து, டேட்டாபேஸ் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் கிளாஸைக் குறித்து, ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. லிப் கோப்புறையைத் திறந்தால் ஜார் இருக்கிறது. ஜாரைத் திறந்தால் கிளாஸ் இருக்கிறது. எழுத்து சரி, பதிப்பு சரி, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஐவகையிலும் அடங்காத இன்மை.

நிகழ்ந்தது இது. கிளாஸ் முதன்முறை எழும்போது அதன் ஸ்டாட்டிக் பகுதி ஓடும். இணைப்பை அமைப்பது அந்தப் பகுதி. அந்நேரம் டேட்டாபேஸ் எழுந்திருக்கவில்லை. ஸ்டாட்டிக் பகுதி தோற்றது. அந்த முதல் முறை மட்டும் ஜாவா உண்மைக் காரணத்தோடு வேறொரு எரரை எழுதியது. அதன்பின் அந்தக் கிளாஸைக் கெட்டது என்று குறித்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொருவருக்கும் ‘தொடக்க முடியவில்லை’ என்ற ஒட்டுவாலோடு இல்லை என்றே சொல்லிற்று. டேட்டாபேஸ் பிறகு எழுந்துவிட்டது. ஜாவா மனம் மாறவில்லை. கேட்டவர்கள் நிறையப்பேர், ஆகவே முதல் எரர் லாக்கின் தலைப்பக்கம் எங்கோ போய்விட்டது. எல்லோரும் படித்தது கடைசி வரியை.

மறுப்பும் விடையும்

அஃதேல், ரீஸ்டார்ட் செய்தால் இந்த ஆறாவது தீர்ந்துவிடுகிறதே, மரபினர் கூற்று சரியன்றோ எனின், பாதி சரி. டேட்டாபேஸ் எழுந்திருந்தால் தீரும். எழுந்திராவிட்டால் தீராது, ஆனால் முதல் எரர் மறுபடி ஒருமுறை வரும், அதுவும் லாக்கின் முதற்பக்கத்திலேயே வரும். ரீஸ்டார்ட்டின் மெய்ப்பயன் அதுவே: வைத்தியம் அன்று, நோயாளியை முதலிலிருந்து பேசவைப்பது. ஏனைய ஐந்திலும் ரீஸ்டார்ட் செய்வதால் விளைவது டீ குடிக்கும் நேரம் மட்டுமே.

முடிபு

சர்வர் எல்லா இன்மைக்கும் ஒரே முகத்தோடு நிற்கும். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பிறந்ததே இல்லையா, வர மறந்ததா, பெயர் மாறியதா, போய்விட்டதா, இரண்டாய் வந்ததா, வந்தும் எழ முடியாமற் கிடக்கிறதா? விடை, ஸ்டாக் டிரேஸில் ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளுள் அடிமட்டத்தில் இருக்கும்; லாக்கில் நேரத்தால் முந்திய எரரில் இருக்கும். ஆகவே ஒரு டிரேஸைக் கீழிருந்து மேலே படிக்கவும். லாக்கை மேலிருந்து கீழே படிக்கவும். நடுவில் தொடங்குவோர்க்கு இவ்வாய்வு பொறுப்பேற்காது.