பதினைந்து ஜிபி ஜமீன்தார்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைத் தாண்டி வடக்கே போனால், புதுக்கோட்டை ஜில்லா முடிந்து தஞ்சாவூர் ஜில்லா தொடங்கப்போகும் தறுவாயில் வருகிற கட்டுமாவடியில், விடியற்காலை மீன் சந்தையில் ஒரு கிலோ நண்டுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் தர்க்கம் செய்துகொண்டிருக்கும் பெரியவரைப் பார்த்துவிட்டு, பாவம், வசதியில்லாதவர் போலும் என்று யாரும் இரக்கப்பட்டுவிட வேண்டாம். அவருடைய ஆஸ்தி பூமியில் இல்லை, ஆகாயத்தில் இருக்கிறது. கூகிளில் மட்டும் அவருக்குப் பதினோரு கணக்குகள், கணக்கு ஒன்றுக்குப் பதினைந்து ஜிபி. மெகாவிலும் டிராப்பாக்ஸிலும் ஒன்டிரைவிலும் உள்ள சில்லறை நிலபுலன்கள் தனி. எதற்கும் ஒரு தம்பிடி தீர்வை கட்டியதில்லை.

இவ்வினத்தார் எல்லா ஊரிலும் உண்டு. ஆயினும் நம்மவருக்கு இருக்கும் சரித்திர ஞானம் மற்றவர்களுக்குக் கிடையாது. 1996-இல் வந்த ஹாட்மெயில் வெறும் இரண்டு எம்பி இடத்தைக் கொடுத்துவிட்டு என்ன பெருமை பேசியது என்பதையும், 2004 ஏப்ரல் முதல் தேதியன்று ஜிமெயில் ஒரு ஜிபி தருவதாக அறிவித்தபோது, தேதியைப் பார்த்துவிட்டு உலகத்தில் பாதிப்பேர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்ததையும், சொந்தக் கல்யாணத் தேதியில்கூடத் தடுமாறுகிற அவர் தங்குதடையின்றி எடுத்துரைப்பார். 2015-ஆம் வருஷம் கூகிள் போட்டோஸ் கணக்கு வழக்கில்லாமல் படங்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து, 2021 ஜூன் முதல் தேதி அந்தத் தர்மம் நிறுத்தப்பட்டது வரையிலான ஆறு வருஷங்களே அவருடைய சித்தாந்தப்படி பொற்காலம். அக்காலத்தில் அவர் படம் பிடிக்காத பொருள் வீட்டில் இல்லை. மின்சார மீட்டரைக்கூட நான்கு திசையிலிருந்தும் எடுத்து வைத்திருக்கிறார்.

கொடுப்பவன் தர்மசத்திரம் நடத்துபவனல்ல, பழக்கம் ஏற்படும்வரை இலவசம், பிறகுதான் ரசீது என்பது அவருக்குத் தெரியாததல்ல. சிங்கப்பூரிலிருக்கும் மகன், "அப்பா, 100 ஜிபிக்கு மாசம் 130 ரூபாதானே, நான் கட்டிடறேன்" என்று கெஞ்சியபோது அவர் அளித்த மறுமொழி: "130 ரூபாயா? அதுக்கு இன்னொரு கணக்கு ஆரம்பிச்சா போச்சு!"

அவ்வளவு இடத்திலும் என்னதான் சேமித்திருக்கிறார் என்று கேட்பது நாகரிகமாகாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோ, ஒரே வீடியோ, ஐந்து இடங்களில். வாட்ஸ்அப்பில் வந்த 'காலை வணக்கம்' ரோஜாப்பூக்கள். தாசில்தாருக்கு எழுதத் தொடங்கி 'ஐயா' என்பதோடு நின்றுபோன ஒரு மனு. தினசரி ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் இரவு பதினொன்றரை மணிக்கு இன்னும் 700 எம்பி மீதமிருப்பதைக் கண்டுவிட்டாரானால், நடுநிசியில் அது வீணாகிவிடுமே என்ற பதைப்பில் தூக்கம் கலைந்து எழுந்து, ஏற்கெனவே ஏற்றிய வீடியோவையே மறுபடியும் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுப்பார். சேமிப்பதற்காக இடம் என்பது போய், இடத்துக்காகச் சேமிப்பு என்றாகிவிட்டது. காசு கொடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அலமாரியில் வைக்கலாமே என்றால், "அது கெட்டுப்போகும் தம்பி" என்பார்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையேறி இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையெல்லாம் படுக்கவைத்துவிட்டுப் போனதே, அப்போதுதான் நம்மவரின் தீர்க்கதரிசனம் நிரூபணமாகும் வேளை வந்தது. கூரை பறந்து, தகரப்பெட்டி நனைந்து, பத்திரங்கள் கூழாகிக் கிடந்தவர்களிடம் போய், "என் ரிக்கார்டெல்லாம் மேலே பத்திரமா இருக்கு" என்று ஆகாயத்தைக் காட்டினார். மின்சாரமும் டவரும் இல்லாததால் ஆகாயம் சில நாட்கள் திறக்கவில்லை. பிறகு எவரோ ஜெனரேட்டர் வைத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்க, விழுந்த தென்னைகளுக்கு நிவாரணம் கேட்க வேண்டிய சிட்டா நகலை எடுக்க உட்கார்ந்தபோதுதான், பதினோரு பாஸ்வேர்டுகளும் எழுதிவைத்த நோட்டும் அவர் வீட்டுத் தகரப்பெட்டியில் ஊறி மை கரைந்து நீலக்குழம்பாகிவிட்டது தெரிந்தது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்ற இடத்தை அமுக்கினார். ஓடிபி வந்தது, ரீசார்ஜ் செய்யாமல் விட்டதனால் எப்போதோ வேறொருவருக்குக் கைமாறிவிட்ட நம்பருக்கு. கடைசியில் சிட்டா கிடைத்தது எங்கே என்கிறீர்கள்? இரண்டு வருஷத்துக்கு முன் பேரப்பிள்ளை படம் என்று நினைத்து மகனுக்கு அவர் தவறுதலாக அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியில்.

இதனால் அவர் திருந்தினாரா? ஒருவாறு திருந்தினார். குற்றம் நோட்டு ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் என்று தீர்மானித்து, கணக்குகள் எப்படியோ மீண்டும் திறந்தபின் புதிய நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பதினோரு கணக்குகளிலும் ஏற்றிவிட்டார். கணக்கைத் திறந்தால் பாஸ்வேர்டு கிடைக்கும். பாஸ்வேர்டு கிடைத்தால் கணக்கைத் திறக்கலாம். இரண்டு வருஷம் எட்டிப் பாராத கணக்குகளை அழித்துவிடுவதாக 2023-இல் கூகிள் எச்சரித்ததிலிருந்து, ஜமீன் கிராமங்களைச் சுற்றிப் பார்க்கும் மிட்டாதாரைப்போல் மாதாமாதம் ஒவ்வொன்றிலும் நுழைந்து ஆஜர் கொடுத்துவிட்டு வருகிறார்.

சென்ற மாதம் இரண்டாவது பேரன் பிறந்தான். பதிமூன்று வயது நிரம்பாதவர்கள் சொந்தமாகக் கணக்குத் தொடங்க விதியில்லை என்பதால், தாத்தா தாராள மனத்தோடு குழந்தையின் பிறந்த வருஷத்தை 1980 என்று பதிவு செய்திருக்கிறார். குழந்தையின் தகப்பன் பிறந்தது 1991-இல். வயது ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டது, ஓடிபி வாங்க நம்பர் ஒன்றுதான் பாக்கி. நேற்று கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"தம்பி, உங்க வீட்ல யாரும் சும்மா வச்சிருக்கிற சிம் ஏதாச்சும் இருக்கா?"