கூடு தேடும் எஞ்சின்: 1489 சி.சி. குறித்த ஓர் உடலியல் ஆராய்ச்சி

உயிர் முந்தியதா, உடல் முந்தியதா என்ற வழக்கு சைவ மடங்களில் இன்னும் நிலுவையில் இருக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் அது என்றோ தள்ளுபடியாகிவிட்டது. அங்கே உடலற்ற உயிர்களும் உயிரற்ற உடல்களும் எதிரெதிர்க் கடைகளில் தனித்தனி விலைக்குக் கிடைக்கின்றன. எதை எதோடு சேர்ப்பது என்பதற்குத்தான் இலக்கணம் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாராய்ச்சி.

ஆய்வுப் பொருள், பி.எம்.சி. நிறுவனத்தின் பி-வரிசை எஞ்சின். நாலு சிலிண்டர், 1489 சி.சி., வால்வுகள் தலைமேல். அம்பாசடர் எஞ்சின் என்றால் ஊருக்கே விளங்கும். லேத்தில் போரிங் முடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் அரைத்து, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. பெட்ரோல் கேனை உயரக் கட்டி, பேட்டரி கொடுத்தால் உறுமுகிறது. ரேடியேட்டர் இல்லாததால் உடனே அணைத்துவிட வேண்டும். இந்நிலைக்கு யாம் இடும் பெயர் ‘ஆவிநிலை’. ஆவிநிலையில் எஞ்சின் வைத்திருப்பவரை வீட்டிலுள்ளோர் ஒரே கேள்வி கேட்பர்: “இது எதுக்குள்ள போய் உக்காரப் போவுது?”

இத்துறையின் முன்னோடி திருமூலர். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதற, பொறுக்காமல் அவன் உடலுக்குள் புகுந்தவர். இங்கே இதுகாறும் எந்த உரையாசிரியரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அவர் உடலைத் தேர்ந்தெடுக்கவில்லை; பக்கத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டார். மாடல் பார்க்கவில்லை, கிரில் பார்க்கவில்லை. நமக்கு அந்தப் பக்குவம் வாய்க்காததால் இரண்டு கட்சிகள் தோன்றின.

புதுக்கூட்டுக் கட்சியார் கூறுவர்: இதே எஞ்சின் 1955-இல் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த காரில் ஏறியது, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், தொடக்கத்தில் 68 குதிரைத்திறன், எடை 900 கிலோ சுமார். எம்.ஜி. மேக்னெட்டிலும் ஓடியது. அமெரிக்கர்களுக்காக இங்கிலாந்தில் செய்த நாஷ் மெட்ரோபாலிட்டன் என்ற இருவண்ணக் குட்டிக் காரிலும் 1956 முதல் ஓடியது. ஆகவே இவ்வுயிர் பல கூடு கண்டது; கனத்த அம்பாசடருக்குள்ளேயே அடைத்துவைப்பது அநியாயம் என்பர்.

அற்றன்று. அந்த 68 குதிரைகளும் இரட்டைக் கார்புரேட்டரிலும் கம்ப்ரஷனிலும் கேம்ஷாஃப்டிலும் கட்டப்பட்டிருந்தவை. உடலை மாற்றினால் குதிரை தானாக வராது. போகட்டும், எம்.ஜி.ஏ. உடலுக்கு எங்கே போவது? அதை வைத்திருப்பவர், உடலைத் தருமுன் தம் உயிரைத் தந்துவிடுவார்.

பழங்கூட்டுக் கட்சியாரோ, அம்பாசடர் தயாரான உத்தரப்பாராவில் பிறந்த எஞ்சின் உத்தரப்பாரா உடலிலேயே உறைய வேண்டும் என்பர். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் உடல்தான் இங்கே அம்பாசடர் ஆயிற்று. அதற்குள் முதலில் இருந்தது லேண்ட்மாஸ்டர் காரிலிருந்து வந்த 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின். நம் 1489 குடியேறியது 1959 வாக்கில். பின்னர், தொண்ணூறுகளில், இசுசு எஞ்சின் வந்து அமர்ந்தது. உடல் ஒன்று, உயிர் மூன்று. டீசல்களை யாம் கணக்கில் சேர்க்கவில்லை. அது பேய் பிடித்த வகை எனக் கொள்க.

இரு கட்சிக்கும் மேலான பிரமாணம் ஒன்று இருக்கிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட ‘விண்டேஜ்’ பகுதி. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த கார், அசல் வடிவம் கெடாமல், சேஸி, உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். பெட்ரோல் பங்க் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்று விதி பேசவில்லை. நல்ல இட்லி கிடைக்கும் காஞ்சிபுரத்திலும் பங்க் இருப்பது நம் குற்றமன்று. திருமூலர் விட்டுப்போன பழைய உடலை மறைத்தவன் இறைவன். அம்பாசடர் எஞ்சினை எம்.ஜி.ஏ.வுக்குள் ஏற்றினால் மறைப்பது ஆர்.சி. புக்.

ஆகவே அம்பாசடர் உடல்தான். அதிலும் கட்டம்போட்ட கிரில் வைத்த மார்க் 2. இனி அதைச் சோதிக்கும் முறை. தனிச் சேஸி கிடையாது; தகடே எலும்பு. தகடு போனால் எல்லாம் போயிற்று. பெயிண்டைப் பார்த்து ஏமாறுவோர் முதல் வகுப்பு மாணவர். முதிர்ந்த ஆய்வாளர் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். எழும் ஓசை இருவகைப்படும்: டங்கோசை, தொப்போசை. டங் என்றால் தகடு. தொப் என்றால் பட்டி. டிங்கர் தடவிய பட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் மறந்திருக்கும். ஐயம் எழுமிடத்துத் துணி சுற்றிய காந்தம் வைக்க. ஒட்டாமல் வழுக்கினால் விலையைப் பாதியாக்குக. பின் மேட்டைத் தூக்கித் தரையைப் பார்க்க, கதவின் அடிவிளிம்பை நகத்தால் சுரண்டுக, டிக்கியில் மழைநீர் தேங்கிய கறை தேடுக. விற்பவர் “மேட்டைத் தூக்காதீங்க சார், தூசி” என்பாராயின், ஆராய்ச்சி அங்கேயே நிறைவுற்றது, வந்த வழியே திரும்புக.

கதவை அறைந்து சாத்திப் பார்ப்பது உண்டு. அது சோதனை அன்று, ஆசை.

இம்முறையில் தேறிய உடல் ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில் அதிபர் வீட்டு ஷெட்டில் அகப்பட்டது. தரை டங், கதவு டங், ஆர்.சி. அசல். பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: “பாடிய மட்டும் தனியா குடுக்கறதில்லீங்க. உள்ள எஞ்சின் இருக்குது, அதையும் சேத்துத்தான் எடுத்துக்கோணும்.” அந்த எஞ்சினின் எண்ணே ஆர்.சி.யில் உள்ளது. எடுத்துவிட்டு நம்முடையதை ஏற்றினால் அசல் கெடும். ஏற்றாவிட்டால் நம்முடையது ஸ்டாண்டிலேயே நிற்கும். தமிழில் இதற்கு இருதலைக்கொள்ளி என்று பெயர். தீர்வு வருமாறு: பெரியவர் எஞ்சின் பெரியவர் காரிலேயே இருக்கட்டும். ஸ்டாண்டில் நிற்பதற்கு உடல் ஒன்று தேவை. மார்க் 2, தரையில் ஓட்டையில்லாமல், உள்ளே எஞ்சின் இல்லாமல்.