கேம்ப்கிரவுண்டு முதலாளியம்மா

மிச்சிகனில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் இரண்டு வியாதிகள் வரும். ஒன்று சர்க்கரை. மற்றது, "வேலையை விட்டுட்டுச் சொந்தமா ஏதாவது பண்ணணும்." என் கணவருக்குச் சர்க்கரை இல்லை.

மோட்டல்களைக் குஜராத்திகள் வாங்கிவிட்டார்கள். அதற்கு அறை, கட்டில், மெத்தை எல்லாம் வேண்டும். கேம்ப்கிரவுண்டுக்கு மெத்தையை வருகிறவரே கொண்டுவருவார் என்பது இவர் கணக்கு. 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்களை நம்பி, மொண்டானாவின் பில்லிங்ஸ் ஊர் ஆற்றங்கரையில் ராத்திரிக்கு 1.75 டாலர் வாங்கித் தொடங்கியதுதான் இன்றைய கே.ஓ.ஏ. கேம்ப்கிரவுண்டு நிறுவனம் என்று சரித்திரமும் சொன்னார். நம்முடையது ஏரிக்கரையாம். ஒரு படி மேல்.

எங்களுக்கு இடத்தை விற்ற பெரியவர் "ரொம்ப அமைதியான இடம்" என்றார். பொய்யில்லை. பாதி இடத்துக்குத் தண்ணீர் வரவில்லை, கரண்ட் வரவில்லை, ஆளும் வரவில்லை. அமைதிக்கு என்ன குறை?

காட்டில் வந்து தங்குகிறவர்கள் கூடாரம் கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். வருவதோ ஆர்.வி. என்கிற நடமாடும் பங்களா. இரண்டு ஏ.சி., பெரிய ஃபிரிட்ஜ், சிலதில் வாஷிங் மெஷின்கூட. அவற்றுக்கு 50 ஆம்ப் வேண்டும். எங்கள் கம்பங்கள் 30 ஆம்ப் காலத்தவை. ஐயா ஏ.சி. போட்டு, அம்மா மைக்ரோவேவில் பாப்கார்ன் வைத்தால் பிரேக்கர் விழும். உடனே எங்கள் கதவு தட்டப்படும். சர்வர் விழுந்தால் நடுராத்திரியில் எழுந்து ஓடுகிற பிழைப்பு வேண்டாம் என்றுதான் இவர் வேலையை விட்டார்.

வருடத்தில் அறுபது நாள், இருபத்தைந்து பேருக்குத் தண்ணீர் கொடுத்தால் அமெரிக்கச் சட்டப்படி அது பொதுக் குடிநீர் விநியோகம். கிணற்றுத் தண்ணீரைச் சாம்பிள் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தண்ணீர், விளக்கு, குப்பை, பக்கத்து இடத்து நாய்ச் சண்டை: தேர்தலில் நிற்காமலே பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிட்டோம்.

எங்களுக்கு உதவிய ஒரே ஜீவன் ஒரு பச்சை வண்டு. ஆஷ் மரங்களைத் தின்று தீர்க்கும் அது 2002-இல் டெட்ராய்ட் பக்கம் தட்டுப்பட்டது. விறகோடு ஊர் ஊராகப் பரவும் என்பதால், வெளியிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள் என்று அரசாங்கமே கெஞ்சுகிறது. ஆகவே விறகை எங்களிடம்தான் வாங்குகிறார்கள். லாபம் என்று கையில் நிற்பது அதுதான்.

மற்றபடி மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் கூட்டம். பிறகு குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்கக் கம்ப்ரசரால் ஊதி வெளியேற்றிவிட்டு, பூட்டிக்கொண்டு வரவேண்டும். வங்கித் தவணைக்குக் குளிர்கால விடுமுறை கிடையாது.

செப்டிக் டேங்க் விஷயத்துக்கு வருகிறேன். டேங்கில் தெளிந்த நீர், புதைத்த துளைக்குழாய்கள் வழியாக மண்ணில் இறங்க வேண்டும். வருடக்கணக்கில் இறங்கி மண் அடைத்துக்கொண்டால் அது மேலே வரும். அந்த இடத்தில் மட்டும் புல் தளதளவென்று வளரும். வாங்கிய அன்று இவர் தேடிப் பிடித்து அந்தப் பசுமையில் நின்றுதான் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்.

"மண்ணு நல்லா வளமா இருக்குப்பா, கத்தரி போடுங்க" என்று அத்தை பதில் அனுப்பினார்கள். இப்போது அங்கே ஜேசிபி நிற்கிறது. கத்தரி காய்த்ததா என்று அத்தை வாராவாரம் கேட்கிறார்கள்.