இடம் ஒன்று, குணம் வேறு

கேள்வி: அப்பாவுக்குக் காதுக்குக் கீழே வலியே இல்லாத கட்டி. "புற்றுநோய் இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவோம்" என்கிறார் டாக்டர். அதே இடத்தில் கட்டி வந்த என் மாமாவிடம் "பொறுத்துப் பார்க்கலாம்" என்றாராம். ஏன் இந்த வேறுபாடு?
- ஒரு வாசகி

பதில்: இரண்டும் சாதுக் கட்டிகள்தான், ஆனால் வளர்கிற விதம் வேறு!

அப்பாவுக்கு வந்திருப்பது அநேகமாகப் பிளியோமார்பிக் அடினோமா. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் மிக அதிகம் காணப்படுவது இதுதான். அவசரமே இல்லாமல் வருஷக்கணக்கில் வளரும். தொட்டால் வழவழப்பு, ஆனால் முளைவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி, உறையைத் தாண்டிச் சிறு முளைகளை நீட்டியிருக்கும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் முளைகள் உள்ளேயே தங்கி, பல வருஷம் கழித்து ஒன்றுக்குப் பதில் பல முடிச்சுகளாகத் திரும்பி வரும். அதனால்தான் சுற்றியுள்ள சுரப்பித் திசுவோடு சேர்த்து எடுக்கிறார்கள். தள்ளிப்போடப் போட, அது புற்றாக மாறும் வாய்ப்பும் கூடும்.

மாமாவுடையது வார்தின் கட்டியாக இருக்கலாம். சிகரெட் பிடிப்பவரா? புகைப்பவர்களிடம்தான் இதற்குப் பிரியம் அதிகம்! 1929-இல் இதை விவரித்த அமெரிக்க நோயியல் நிபுணர் ஆல்ட்ரெட் வார்தினின் பெயரே நிலைத்துவிட்டது. மெத்தென்றிருக்கும்; சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். புற்றாவது மிக அபூர்வம்.

முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குக் கீழே உள்ள இந்த உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடாகத்தான் ஓடுகிறது. அதனால் அனுபவமுள்ள அறுவை நிபுணரிடமே போங்கள். கட்டி திடீரென்று வேகமெடுத்தாலோ, வாய் கோணினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மாமாவைச் சிகரெட்டை விடச் சொல்லுங்கள்.