யார் முதுகில் யார் பை?

குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் காட்டுக்குள் எல் மிரதோர் என்றொரு பழைய மாயர் நகரம் புதைந்து கிடக்கிறது. கார்மெலிதா கிராமத்தோடு வண்டிப்பாதை முடிந்துவிடும். அதற்கப்புறம் நடராஜா சர்வீஸ்தான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

"ஒரே பை, ஒரே முதுகு, உலகமே என் வீடு" என்று மார்தட்டி வருபவர்களின் கூடாரம், தண்ணீர், அரிசி, அடுப்பு எல்லாம் கோவேறு கழுதை மேல் போகின்றன. பயணியின் முதுகில் மிஞ்சுவது வியர்வையும் கொசுக்கடியும்தான். ஊர் திரும்பியதும் 'தன்னந்தனியாகக் காட்டை வென்ற' கதையில் கழுதைக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

அங்கே இருக்கும் 72 மீட்டர் உயரமுள்ள லா தாந்தா பிரமிடின் உச்சியில் மூச்சு வாங்க ஏறி, "ஐயோ, மறைந்துபோன இனமே!" என்று கண் கலங்குவது அடுத்த சடங்கு. அந்த 'மறைந்துபோன' இனம் குவாத்தமாலாவிலேயே லட்சக்கணக்கில் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மாயர் மொழிகள் பேசுகிறது, சந்தையில் பேரம் பேசுகிறது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது. கண் கலங்கும் பயணியும் அந்த பஸ்ஸில்தான் வந்திறங்கியிருப்பார்.

2012 டிசம்பர் 21-இல் உலகம் அழியும் என்று மாயர் தலையில் பழி போட்டதும் இதே ரகம். அன்று அவர்களுடைய நாள்காட்டியில் ஒரு நெடுஞ்சுற்று முடிந்தது, அவ்வளவே. டிசம்பர் 31-இல் நம் வீட்டுத் தினசரி காலண்டரும்தான் தீர்ந்துபோகிறது!

போகிறவர்கள் போய் வாருங்கள். கழுதைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர் காட்டுங்கள்.