பதில் போடக் கட்டாயமில்லை

கணக்கைப் பாடமாக எடுத்துப் படித்த என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ஜி.எச்.ஹார்டி என்ற பெயர் ராமானுஜன் கதையோடு ஒட்டிக்கொண்டுதான் முதலில் நம் காதுக்கு வந்தது. பிறகு கல்லூரி நூலகத்தில், 1908இல் முதன்முதலாக வெளிவந்த அவருடைய தூய கணிதப் பாடநூலை எடுத்து, பின்னட்டைச் சீட்டில் நமக்கு முன்னால் எடுத்துப்போனவர்களின் தேதிகளைப் பார்த்து, இவர்களெல்லாம் எந்தப் பக்கம் வரை தாக்குப்பிடித்தார்களோ என்று யோசித்த சுகம், பிடிஎஃப் திறக்கிற இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. புத்தகத்துக்காகக் காத்துக்கிடக்கும் தொல்லையும் அவர்களுக்கு இல்லை, அது நல்லதுதான்.

1877இல் இங்கிலாந்தின் கிரான்லியில் ஓர் ஆசிரியர் வீட்டில் பிறந்த ஹார்டி, கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். 1919இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பேராசிரியராகப் போய், 1931இல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். இடம் மாறினாலும் 1911இல் சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு தொடங்கிய கூட்டு 35 ஆண்டுகள் மாறவில்லை. ஒரே கல்லூரியில் இருந்த காலத்திலும் எழுதியே பேசிக்கொண்ட அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் போடவோ, ஏன், படிக்கவோகூடக் கட்டாயமில்லை, எழுதியது சரியா தவறா என்பதும் பொருட்டில்லை.

நீல டிக் விழுந்த மறுநிமிடமே பதிலை எதிர்பார்க்கும் இந்தக் காலத்தில், இன்லண்ட் கடிதம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் நிம்மதியாக இருந்த நமக்கு அந்த ஒப்பந்தத்தின் அருமை புரியும். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவர் எழுதிய கடிதத்தை அதே ஹார்டி ஒதுக்கவில்லை. லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து சூத்திரம் சூத்திரமாகப் பார்த்து, பிப்ரவரியிலேயே பதில் எழுதினார். அடுத்த ஆண்டு அந்தக் குமாஸ்தா, ராமானுஜன், கப்பலேறினார்.

தன் கண்டுபிடிப்பு எதுவும் உலகத்துக்குப் பிரயோஜனப்படவில்லை என்று 1940இல் பெருமையாக எழுதிய ஹார்டி 1947இல் மறைந்தார்; முப்பதே ஆண்டில், 1977இல், அவர் காதலித்த பகா எண்களை வைத்தே ரகசியச் செய்திகளுக்குப் பூட்டுச் செய்தார்கள். எண்கோட்பாட்டின் தயவில் இன்று நம் செய்திகள் பத்திரமாக, நொடியில் போய்ச் சேர்கின்றன. பிள்ளைகளே, அந்த வேகம் உங்களுக்கே இருக்கட்டும். நண்பன் பதில் போடாவிட்டால் கோபிக்காமலும், முகம் தெரியாதவர் எழுதியதைப் படிக்காமல் தள்ளாமலும் இருக்க மட்டும் ஹார்டியிடம் கற்றுக்கொள்ளுங்கள்.